தென்னை ஓலையை எரிக்காமல் உரமாக்க என்ன வழி? (கொழிஞ்சாம்பாறை பக்கம், 4 ஏக்கர்)

கேள்வி: கிழக்குத்தோப்பு

எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்கள் தோப்பு பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகிற வழியில் இருக்கிறது. 4 ஏக்கர், ஏறக்குறைய 280 தென்னை. கொஞ்சம் மரங்களைக் கள் சீவ விட்டிருக்கிறோம், மீதி காய்க்கு. அப்பா காலமான பிறகு தோப்பு என் பொறுப்புக்கு வந்தது. வீட்டுக்காரர் கோயமுத்தூருக்கு வேலைக்குப் போய் வருகிறார். அதனால் தோப்பு முழுக்க நான்தான் பார்க்கிறேன்.

என் கவலை ஓலைதான். ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று ஏறினால் காலையில் தோப்புக்குள் நடக்க வழியிருக்காது, அவ்வளவு விழுந்து கிடக்கும். பொறுக்கி வேலி ஓரமாகப் போடுவார்கள், காய்ந்ததும் கொளுத்திவிடுவார்கள். அப்பா காலத்திலிருந்தே இதுதான் பழக்கம். அம்மாவுக்கு இளைப்பு இருக்கிறது. புகை வந்தால் ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருப்பார். அதைவிட இன்னொன்று என்னை உறுத்துகிறது. ஒரு பக்கம் ஓலையை எரிக்கிறோம், மறுபக்கம் எருவை விலைக்கு வாங்கி லாரியில் கொண்டுவந்து இறக்குகிறோம். இதற்கு எனக்கு மனசு ஒப்பவே இல்லை.

விசாரித்தால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். தொட்டி கட்டி மண்புழு விடு என்கிறார் ஒருவர். ஓலையைக் குவித்து வைத்தால் காண்டாமிருக வண்டு வந்து குருத்தைத் தின்றுவிடும், எரிப்பதுதான் நல்லது என்கிறார் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர். நார் மில்லில் தூள் கிடைக்கிறது, வாங்கி மரத்தடியில் கொட்டு என்கிறார் இன்னொருவர். ஆனால் எங்கள் ஊரிலேயே ஒருவர் பாகல் பந்தலுக்கு அந்தத் தூளைப் போட்டு, கொடி முழுக்க மஞ்சளாகி நின்றதைக் கண்ணால் பார்த்தேன்.

கிருஷி பவனில் (கேரள அரசின் வேளாண் அலுவலகம்) ஒரு நோட்டீஸ் கொடுத்தார்கள், அது மலையாளத்தில் இருக்கிறது. நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். மலையாளம் பேசுவேன், வாசிக்கத்தான் சிரமம். அதனால்தான் இங்கே கேட்கிறேன். வீட்டில் இரண்டு மாடு இருக்கிறது. ஆள் வாரத்துக்கு இரண்டு நாள்தான் கிடைக்கும். மண் கரிசல். ஆழியாற்றுத் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும், மற்ற நாளில் போர்தான். பெரிய செலவில்லாமல் எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

பதில்: கோவிந்தாபுரம் இளைஞன்

அக்கா, ஓலை அரைக்கும் மெஷின் ஒன்று பாருங்கள். டிராக்டரில் மாட்டி ஓட்டுவது, தனி மோட்டார் வைத்தது என்று இரண்டு விதமாக வருகிறது. முழு ஓலையாகப் போட்டால் மக்குவதற்கு வருஷக் கணக்காகும். அரைத்துப் போட்டால் சில மாதங்களில் நிறம் மாறிவிடும். நாங்கள் மூன்று நான்கு தோட்டக்காரர்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்து, ஒரே நாளில் எல்லார் தோப்பிலும் ஓட்டிக்கொள்கிறோம்.

ஒரு எச்சரிக்கை. அரைக்கும்போது கை உறையும் கண்ணாடியும் இல்லாமல் யாரையும் நிறுத்தாதீர்கள். ஈர்க்கு தெறித்து வரும். புடவைத் தலைப்பையோ துண்டையோ தொங்கவிட்டுக்கொண்டு மெஷின் பக்கம் போகவே கூடாது.

தொட்டி பற்றி எனக்குத் தெரியாது. அரைத்ததை அப்படியே மரத்தைச் சுற்றிப் பரப்பிவிடுவோம். வெயில் காலத்தில் பாத்தி ஈரம் நன்றாக நிற்கிறது.

பதில்: ஆனைமலைத் தோட்டக்காரர்

தங்கச்சி, உங்கள் கேள்வியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் எல்லைக்கு இந்தப் பக்கம், ஆனைமலையில் தென்னை வைத்திருக்கிறேன். உங்களுக்கு அடிக்கிற அதே காற்றுதான் எங்களுக்கும். தோப்பை முழுக்க இயற்கைக்கு மாற்றியவன் இல்லை நான், யூரியாவும் பொட்டாஷும் போடுகிறேன். ஆனால் தோப்பில் விழுந்தது தோப்பை விட்டு வெளியே போகக் கூடாது என்பதில் மட்டும் பிடிவாதமாக இருக்கிறேன்.

முதலில் கணக்கைப் பாருங்கள். ஒரு மரம் மாதத்துக்கு ஒரு ஓலையாவது கழிக்கும். 280 மரம் என்றால் வருஷத்துக்கு மூவாயிரத்துக்கு மேல். காசர்கோட்டில் இருக்கும் மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம், ஒரு ஹெக்டேர் தென்னையில் வருஷத்துக்கு 6 முதல் 8 டன் ஓலைக்கழிவு சேரும் என்று கணக்குச் சொல்கிறது. உங்கள் 4 ஏக்கருக்கு ஏறக்குறைய பத்து டன்னாவது வரும். வேலி ஓரத்தில் தீ வைக்கிறீர்களே, அது இவ்வளவு.

எரித்தால் சாம்பலும் உரம்தானே என்று கேட்பார்கள். சாம்பலில் பொட்டாஷ் நிற்கும், உண்மைதான். ஆனால் தழைச்சத்து புகையோடு போய்விடும். மண்ணைப் பொலபொலவென்று வைக்கிற கரிமச்சத்தும் அதோடு போயிற்று. மிஞ்சிய சாம்பலையும் கணவாய்க் காற்று அடுத்தவர் காட்டுக்கு அள்ளிக்கொண்டு போகும். உங்கள் பக்கத்துக் கரிசல் ஏற்கெனவே காரம் ஏறிய மண். அதே இடத்தில் வருஷா வருஷம் சாம்பல் கொட்டினால் அந்த மூலை இன்னும் காரமாகும்.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது? இப்போதைக்குத் தொட்டி கட்டாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். செங்கல், சிமெண்ட், மேலே தகரக் கொட்டகை என்று பணத்தைப் போட்டுவிட்டு, அதில் ஓலையைச் சுமந்து போட ஆளில்லாமல் தொட்டியில் விறகு அடுக்கி வைத்திருக்கும் தோட்டங்களை எங்கள் பக்கம் நிறையப் பார்க்கலாம். உங்களுக்கு வாரம் இரண்டு நாள்தான் ஆள் என்கிறீர்கள். விழுந்த இடத்திலிருந்து தொட்டிக்கு, அப்புறம் தொட்டியிலிருந்து மரத்துக்கு என்று இரண்டு முறை சுமக்கிற வேலை அதில் இருக்கிறது. அந்தக் கூலியை யார் கொடுப்பது?

ஓலையில் பெரும்பங்கை மூடாக்காகப் போடுங்கள். மரத்தைச் சுற்றி 6 அடி ஆரத்துக்கு வட்டப்பாத்தி இருக்கும் அல்லவா, அதற்குள்தான். அடிமட்டையை வெட்டித் தனியே எடுத்துவிட்டு, ஓலையை மட்டும் இரண்டு மூன்று துண்டாக நறுக்கிப் பரப்பினால் போதும். மட்டை விறகுக்கு ஆகும், அல்லது பாத்திக்குக் கரையாக அடுக்கலாம். தேங்காய் உரித்த மட்டை கிடைத்தால் விடாதீர்கள். மேலே மூடாக்காக அடுக்கும்போது குழிவான பக்கம் மண்ணைப் பார்க்கிற மாதிரிக் கவிழ்த்து வையுங்கள், ஒரு மரத்துக்கு நூறு மட்டை பிடிக்கும். குழி வெட்டிப் புதைப்பதாக இருந்தால் நேர்மாறு, குழிவு வானத்தைப் பார்க்க மல்லாத்தி அடுக்கி மண்ணை மூட வேண்டும். அப்போதுதான் மழைத்தண்ணீர் அதில் தேங்கி, மட்டை ஊறி, வேர் அதைத் தேடி வரும். மழைக்காலம் தொடங்கும் சமயத்தில் இதைச் செய்தால், பல வருஷத்துக்கு அந்த மட்டை ஈரம் பிடித்துக் கொடுக்கும். கரிசல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும்போது இதன் அருமை தெரியும்.

மூடாக்குப் போட்டது போக மிஞ்சுகிற ஓலையில்தான் மண்புழு உரம். அதையும் மரத்துக்கு நடுவில், நிழலிலேயே செய்யுங்கள். நான் செய்கிற விதத்தைச் சொல்கிறேன். நாலு மரத்துக்கு நடுவில் இருக்கிற இடத்தில், 3 அடி அகலத்துக்கு ஆழமில்லாத வாய்க்கால் மாதிரி எடுத்துக்கொள்வேன். வேரை வெட்டுகிற ஆழத்துக்குப் போக வேண்டியதில்லை. அடியில் உரிமட்டை ஒரு வரிசை, தண்ணீர் தேங்காமல் இருப்பதற்கு. அதன் மேல் ஓலை. பச்சை ஓலை வேண்டாம். மழையும் வெயிலும் பட்டு இரண்டு மூன்று மாதம் கிடந்து பழுப்பான ஓலைதான் சரி. ஈர்க்கை வளைத்துப் பாருங்கள். நாராக இழுத்துக்கொண்டு வளைந்தால் இன்னும் காலம் ஆகவில்லை, பட்டென்று ஒடிந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

பத்துப் பங்கு ஓலைக்கு ஒரு பங்கு சாணி, எடைக் கணக்கில். ஒரு டன் ஓலைக்கு 100 கிலோ. இரண்டு மாடு வைத்திருக்கிற உங்களுக்கு அது பெரிய விஷயமே இல்லை. சாணியைக் கரைத்து ஓலை மேல் ஊற்றி, இரண்டு மூன்று வாரம் தண்ணீர் மட்டும் தெளித்து விட்டுவிடுங்கள். இந்த நேரத்தில் குவியல் சூடாகும். கையை உள்ளே விட்டால் சுள்ளென்று இருக்கும். அந்தச் சூட்டில் புழுவை விட்டால் செத்துவிடும். சூடு ஆறிய பிறகுதான் புழு, டன்னுக்கு ஒரு கிலோ.

எந்தப் புழு என்பது முக்கியம். தென்னை ஓலையில் லிக்னின் என்ற, எளிதில் மக்காத கடினப் பொருள் அதிகம், எல்லாப் புழுவும் அதைத் தின்னாது. காசர்கோடு நிலையத்தில் தென்னை ஓலைக்கென்றே யூட்ரிலஸ் இனத்துப் புழு ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறார்கள். கிருஷி பவனில் இந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். யாரோ கொடுத்த புழு என்று கண்டதை வாங்கிப் போடாதீர்கள்.

புழு விட்ட பிறகு ஈரம்தான் எல்லாம். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு கசிந்தால் அளவு சரி. ஒழுகினால் தண்ணீர் அதிகம், நாற்றம் எடுக்கும். கசியவே இல்லை என்றால் தெளிக்க வேண்டும். உங்கள் ஊர்க் காற்றுக்கு மேல்பகுதி ஒரே நாளில் உலர்ந்துவிடும், ஆகவே முடைந்த கீற்றோ பழைய சாக்கோ போட்டு மூடியே வையுங்கள். புழு விட்ட 75 முதல் 90 நாளில் ஓலை இருந்த அடையாளமே இல்லாமல், டீத்தூள் மாதிரி கருப்பாக உதிரும். ஈர்க்குத் துண்டுகள் மட்டும் அங்கங்கே கிடக்கும், சலித்து அடுத்த குவியலில் போட்டுக்கொள்ளலாம். எடுப்பதற்குச் சில நாள் முன்னால் தண்ணீரை நிறுத்தினால் புழு கீழே இறங்கிவிடும், மேலே இருப்பதைச் சுலபமாக வழித்தெடுக்கலாம். ஒரு டன் ஓலைக்கு 700 கிலோ அளவுக்கு உரம் வரும்.

கடைசியாக ஒன்று, இதைப் பலர் சொல்ல மாட்டார்கள். ஓலை உரத்தில் தழைச்சத்து நன்றாக இருக்கும், சாம்பல்சத்து (பொட்டாஷ்) குறைவு. தென்னைக்கோ அதிகம் வேண்டியது சாம்பல்சத்துதான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் காய்க்கும் மரம் ஒன்றுக்கு வருஷத்துக்கு 50 கிலோ தொழுவுரம், 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ் என்று சொல்கிறது. ஓலை உரம் போட்டுவிட்டோம் என்று பொட்டாஷை நிறுத்தினால் குரும்பை கொட்டும், காய் சிறுக்கும். வாங்குகிற எருவைத்தான் குறைக்கலாம். பொட்டாஷைக் குறைக்காதீர்கள்.

கிழக்குத்தோப்பு

அண்ணா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு ரொம்ப நன்றி. நாளைக்கே அடிமட்டையைத் தனியாக வெட்டிப் போடச் சொல்லப் போகிறேன். இரண்டு சந்தேகம் மட்டும் மிச்சம் இருக்கிறது.

தோப்பின் மேற்கு ஓரத்தில் சில மரங்களில் ஓலை உள்பக்கமாக வளைந்து, மஞ்சளாகி, ஓரம் கருகுகிறது. கேரள வாடல் நோய் என்கிறார்கள். அந்த மரத்து ஓலையையும் கம்போஸ்ட்டில் போடலாமா, இல்லை அதை மட்டுமாவது எரித்துவிட வேண்டுமா? நோய் மற்ற மரத்துக்குப் பரவிவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருக்கிறது.

அப்புறம் வண்டு. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் நேற்றும் அதையே சொன்னார். அவர் தோப்பில் குருத்து வெட்டுப்பட்டு, விரிந்த ஓலை கத்தரி வைத்து நறுக்கினது போல முக்கோணம் முக்கோணமாக நிற்கிறது. நான் குவித்து வைத்து அவர் மரத்துக்குக் கெடுதல் வந்தது என்று நாளைக்குப் பேச்சு வரக் கூடாது.

நார்த்தூள் பற்றியும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மில் எங்களுக்குப் பக்கம்தான்.

பதில்: பணி ஓய்வு, வேளாண் துறை, பொள்ளாச்சி

அம்மணி, நோய் பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் தேவையில்லாத பயமும் இருக்கிறது, தேவையான பயமும் இருக்கிறது.

கேரள வாடல் நோய் 1882-ல் மீனச்சில் பகுதியில் ஈராட்டுப்பேட்டையில் முதன்முதலாகப் பார்க்கப்பட்டது. இப்போது பொள்ளாச்சி, ஆனைமலை வரைக்கும் வந்துவிட்டது. இதற்குக் காரணம் பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர். அது உயிருள்ள மரத்தின் சாறு ஓடும் திசுவிலும், அந்தச் சாற்றை உறிஞ்சும் பூச்சியின் உடம்பிலும்தான் வாழும். கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தத்துப்பூச்சியும்தான் அதை மரத்துக்கு மரம் கொண்டுபோகின்றன. காய்ந்து விழுந்த ஓலையில் அது பிழைத்திருக்காது. ஆகவே அந்த ஓலையை மூடாக்காகவும் போடலாம், மண்புழுக் குவியலிலும் போடலாம்.

தஞ்சாவூர் வாடல் அப்படியில்லை. அது கானோடெர்மா என்ற பூஞ்சணம், மண்ணிலும் வேரிலும் உட்கார்ந்திருக்கும். அடித்தண்டில் செம்பழுப்பாகச் சாறு வடியும், சில சமயம் மரத்தடியில் தட்டையாகக் காளான் முளைக்கும். அந்த மாதிரி மரத்தின் அடித்தண்டு, வேர் எதுவும் உரக்குழிப் பக்கமே வரக் கூடாது. தோண்டி எடுத்து எரிக்க வேண்டியது அதைத்தான். குருத்தழுகல் வந்த மரத்தின் அழுகிய குருத்துப் பகுதியையும் அப்படியே எரித்துவிடுங்கள். உங்கள் மேற்கு ஓரத்து மரங்களில் சாறு வடிகிறதா என்று அடித்தண்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

வண்டு விஷயத்தில் அந்தப் பெரியவர் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. காண்டாமிருக வண்டு முட்டையிடுவது மக்கும் குப்பையில்தான். ஆனால் அது அதிகமாகப் பெருகுவது கவனிக்காமல் கிடக்கும் சாணக்குழியிலும், வெட்டிப்போட்டு அப்படியே அழுகும் தென்னந்தண்டிலும். மெல்லியதாகப் பரப்பிய மூடாக்கு அதற்குத் தோதான இடமில்லை. வாடல் நோய்க்கு வெட்டிய மரங்களைத் தோப்பு ஓரத்தில் உருட்டிப் போட்டிருக்கிறார்கள் என்றால் முதலில் அதை அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். அவர் தோப்பிலும் அப்படி ஏதாவது கிடக்கிறதா என்று பக்குவமாகக் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் சாணக்குழியை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள். விரல் தடிமனில், வெள்ளையாக, பழுப்புத் தலையோடு சுருண்டு கிடக்கும் புழு வந்தால் பொறுக்கிக் கோழிக்குப் போடலாம். அப்புறம் மெட்டாரைசியம் என்று பச்சைப் பூஞ்சணம் கிடைக்கிறது. 250 மில்லி கல்ச்சரை 750 மில்லி தண்ணீரில் கலந்து எருக்குழியில் ஊற்ற வேண்டும். குழி ஈரமாக இருக்கும்போது ஊற்றுங்கள், காய்ந்த குப்பையில் பூஞ்சணம் பிடிக்காது. பூஞ்சணம் தொற்றிய புழு விறைத்து, மேலே பச்சை மாவு பூத்தது போல ஆகிவிடும். பறக்கும் வண்டைப் பிடிக்க, ஒரு கிலோ ஆமணக்குப் பிண்ணாக்கை 5 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து மண்பானைகளில் ஊற்றித் தோப்பில் அங்கங்கே வையுங்கள். வாசனைக்கு வந்து விழும், காலையில் எடுத்துக் கொன்றுவிடலாம். உங்கள் பக்கத்தில் பெருவலம் செடி வேலியோரம் தானாக முளைத்துக் கிடக்கும். அதையும் வெட்டி எருக்குழியில் போடலாம், புழு வளர்ச்சியை அது கெடுக்கும்.

நார்த்தூளை மில்லிலிருந்து கொண்டுவந்த உடனே செடிக்குப் போடக் கூடாது. உங்கள் ஊர்ப் பாகல் பந்தல் மஞ்சளானதற்குக் காரணம் இதுதான். பச்சைத் தூளில் கரிமம் 112 பங்கு இருந்தால் தழைச்சத்து ஒரு பங்குதான். அதை மக்கவைக்க வருகிற நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து வேண்டும், மண்ணில் செடிக்கென்று இருப்பதை எடுத்துக்கொள்ளும். செடி பட்டினி கிடக்கும்.

மக்கவைத்தால் அதே தூள் நல்ல உரம். ஒரு டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் 5 பாட்டில் சிப்பிக்காளான் வித்தும் வேண்டும். நிழலான, மேடான இடத்தில் 100 கிலோ தூளைப் பரப்பி ஒரு பாட்டில் வித்தைத் தூவுங்கள். அதன் மேல் இன்னொரு 100 கிலோ, அதற்கு ஒரு கிலோ யூரியா. இப்படி மாற்றி மாற்றி அடுக்கி ஒரு டன்னை முடித்துவிட்டு, ஈரம் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும். மாதம் ஒன்றிலிருந்து ஒன்றரையில் நிறம் கறுத்து, குவியல் இறங்கியிருக்கும். கரிமம் 24 பங்குக்குத் தழைச்சத்து ஒரு பங்கு என்ற கணக்குக்கு வந்துவிடும், லிக்னின் 30 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கும். இந்தத் தூள் தன் எடையைப் போல ஐந்து மடங்குக்கு மேல் தண்ணீர் பிடிக்கக் கூடியது. முறை வைத்துத் தண்ணீர் வரும் உங்கள் ஊருக்கு அது பெரிய ஆதாயம். மில்காரரிடம் வாங்கும்போது கழுவின தூளா, கழுவாததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கழுவாததில் உப்பு ஏறியிருக்கும்.

ஆழியார்நகரில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கொழிஞ்சாம்பாறையிலிருந்து பெரிய தூரமில்லை, தமிழிலேயே எல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மேற்கு ஓரத்து மரங்களைப் போட்டோ எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். கேரளத்துத் தோட்டம் என்பதற்காகத் தயங்க வேண்டாம்.

ஆனைமலைத் தோட்டக்காரர்

ஐயா சொன்னதோடு ஒன்றிரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள் தங்கச்சி, முன்னால் எழுதும்போது விட்டுப்போனது.

உங்கள் பக்கம் மயில் எப்படி? எங்களுக்கு அதுதான் பெரிய தொல்லை. புழு விட்ட குவியலைக் கண்டுபிடித்துவிட்டால் காலையில் ஐந்தாறு மயில் வந்து காலால் சீய்த்துப் புழுவை ஒன்றுவிடாமல் பொறுக்கிவிடும். மேலே கீற்றுப் போட்டாலும் தள்ளிவிட்டுத் தின்னும். கீற்றின் மேல் பழைய மீன்வலையை விரித்து, ஓரத்தில் அடிமட்டையை வரிசையாக வைத்து அழுத்திவிடுங்கள். மலையடிவாரத் தோட்டங்களில் காட்டுப்பன்றியும் வரும், கொழிஞ்சாம்பாறை வரை வருமா என்று உங்களுக்குத்தான் தெரியும். எறும்புக்குக் குவியலைச் சுற்றிச் சின்ன வாய்க்கால் எடுத்துத் தண்ணீர் நிறுத்தினால் போதும். மருந்துப் பவுடர் எதுவும் தூவாதீர்கள், புழு செத்துப்போகும்.

கள் சீவுகிற மரங்களுக்குக் கீழே பாளை, பன்னாடை நிறையச் சேரும். அதுவும் சேர்ந்ததுதான். பாளையை நீளவாக்கில் பிளந்து போட்டால் சீக்கிரம் மக்கும். சீவுகிறவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் ஒரே இடத்தில் போட்டுவிட்டுப் போவார்.

எல்லா மரத்துக்கும் ஒரே வருஷத்தில் செய்து முடிக்க நினைக்காதீர்கள். வீட்டுப் பக்கம் இருக்கிற ஒரு வரிசையை எடுத்துக்கொண்டு அதற்கு மட்டும் மூடாக்கு, மட்டை எல்லாம் முறையாகச் செய்யுங்கள். பக்கத்து வரிசையைப் பழையபடி விட்டு வையுங்கள். மாசி, பங்குனி வெயிலில் இரண்டு பாத்தியிலும் ஒரு சாண் ஆழத்துக்குக் கையால் தோண்டி மண்ணை எடுத்துப் பாருங்கள். அந்தப் பெரியவரையும் கூட்டிக்கொண்டு வந்து தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

புழு வாங்கப் போகும்போது முன்கூட்டிச் சொன்னால், என் குவியலிலிருந்தே முதல் விதைப்புழு தருகிறேன். மீனாட்சிபுரம் வரைக்கும் நானே கொண்டுவந்து கொடுக்கிறேன். ஈரச் சாக்கில் சாணியோடு கட்டினால் வழியில் ஒன்றும் ஆகாது. வெயில் ஏறுவதற்கு முன்னால் வந்துவிடுங்கள்.

கிழக்குத்தோப்பு

அண்ணா, ஐயா, தம்பி, மூன்று பேருக்கும் நன்றி. இன்றைக்குச் சாயங்காலம் மேற்கு ஓரத்து மரங்களை அடித்தண்டு வரைக்கும் சுற்றிப் பார்த்தேன், எதிலும் சாறு வடியவில்லை. ஆனால் பக்கத்துத் தோப்பு எல்லையில் வெட்டின தண்டு இரண்டு மூன்று, போன மழைக்காலத்திலிருந்து புல்லுக்குள் கிடக்கிறது. கம்பியால் குத்தினால் உள்ளே பொதபொதவென்று இருக்கிறது, ஒன்றைப் பிளந்ததில் நீங்கள் சொன்ன வெள்ளைப் புழு கைநிறையக் கிடைத்தது. பெரியவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். நாளைக்குக் கோடாரியோடு ஆள் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு, அந்தப் புழுவை அவர் வீட்டுக் கோழிக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

வீட்டுப் பக்கத்து வரிசையில் 14 மரம் இருக்கிறது, அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். மயில் இங்கேயும் உண்டு அண்ணா, நிறையவே உண்டு. மீன்வலை எங்கே கிடைக்கும் என்று விசாரித்துவிட்டு, புழுவுக்கு என்றைக்கு வரலாம் என்று எழுதுகிறேன்.